எஞ்சின் இல்லாமல் கரண்ட் வருமா?



சில வாரங்களுக்கு முன் பட்டர்வொர்த் போகும் பெர்ரியில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். செபராங் பிறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறி, ஓய்வு பெற்றவர். ஜார்ஜ் டவுனில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பேரனோடு திரும்பிக்கொண்டிருந்தார். பேச்சு வாக்கில் நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், நெடுநாள் மனதில் கிடந்த கேள்வியை எடுத்துப் போட்டார்.

"தம்பி, டவுன்ல கூரை மேல கறுப்புக் கறுப்பா கண்ணாடி பரப்பி வெச்சிருக்கான். இவன் என்னடான்னா, 'அது சோலார் தாத்தா, வெயில்ல கரண்ட் வரும்'னு சொல்றான். எஞ்சின் இல்ல, எண்ணெய் இல்ல, சத்தம் இல்ல. சும்மா வெயில்ல காயப் போட்ட தகட்டுல எப்படிங்க கரண்ட் வரும்? நம்மள ஏமாத்துறானுங்களா?"

நியாயமான கேள்வி. பெர்ரி கரை சேர்வதற்குள் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதிப் பதிலை இங்கே எழுதுகிறேன். இந்தக் கேள்வி அந்தப் பெரியவருக்கு மட்டும் உரியதல்ல. 'உங்க வீட்டுக்குச் சோலார் போட்டுத் தர்றோம்' என்று தோட்டப்புறங்களிலும் தாமான்களிலும் ஆள் வருகிற காலம் இது. விஷயம் தெரிந்தவனை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது அல்லவா?

எஞ்சின் வெளிச்சத்தின் காலம்

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம்.

இந்த நாட்டில் மின்சாரத்தின் தொடக்கம் என்று சொல்லப்படுவது 1894-ஆம் ஆண்டு. ரவாங்கில் ஈயச் சுரங்க வேலைக்காக மின்சார எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டியவர்கள் இருவர். ஒருவர் சீன முதலாளி லோக் இயூ. இன்னொருவர் நம் தம்புசாமிப் பிள்ளை! பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1906-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் வண்டி ஓடியது.

டவுனில் டிராம் ஓடிய அந்தக் காலத்தில் கடலுக்கு இந்தப் பக்கம், தோட்டத்து லயங்களில் என்ன எரிந்தது? மண்ணெண்ணெய் விளக்குத்தான். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அதே விளக்குத்தான். அப்புறம் தோட்டத்து எஞ்சின் வந்தது. பொழுது சாய்ந்ததும் 'டபடப' என்று சத்தம் கேட்கும். லயத்தில் மஞ்சள் வெளிச்சம் வரும். இரவு ஒன்பதோ பத்தோ ஆனதும் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். பாடம் படிக்கிற பிள்ளை பாதியில் புத்தகத்தை மூடும். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் இருட்டில் தீப்பெட்டியைத் தேடுவாள். இது நம்மில் எத்தனையோ பேர் வாழ்ந்து பார்த்த வாழ்க்கை.

இன்று பெரும்பாலான இடங்களில் டெனாகா நேஷனல் கம்பி வந்துவிட்டது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டமும், தொழிலாளருக்குக் கொடுக்கும் வீட்டில் போதுமான மின்சாரம் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆனாலும் நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. கரண்ட் யார் கையில் இருக்கிறதோ, சுவிட்சும் அவர் கையில்தான். சோலார் விஷயத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டியது இதனால்தான்.

எஞ்சின் என்ன செய்கிறது?

தோட்டத்து எஞ்சினாகட்டும், பெரிய அணைக்கட்டாகட்டும், நிலக்கரி எரிக்கும் நிலையமாகட்டும், எல்லாவற்றிலும் நடப்பது ஒரே வேலை. காந்தத்தையும் செம்புக் கம்பிச் சுருளையும் வைத்து, இரண்டில் ஒன்றைச் சுழற்றுகிறார்கள். அப்போது கம்பியில் கரண்ட் ஓடுகிறது. இதை 1831-இல் கண்டுபிடித்துச் சொன்னவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் பாரடே. சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? டயரில் உரசிச் சுழன்றால் விளக்கு எரியும்; சைக்கிள் நின்றால் விளக்கும் நிற்கும். அதே தத்துவம்தான்.

சோலார் தகட்டில் சுழலுகிற பொருள் ஒன்றுமே இல்லை. காந்தம் இல்லை. எரிகிற எண்ணெய் இல்லை. அதனால்தான் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. பெரியவருக்குச் சந்தேகம் வந்ததில் என்ன ஆச்சரியம்?

மணலில் பிறந்த தகடு

அந்தக் கறுப்புத் தகட்டின் முக்கியமான பொருள் சிலிக்கன். மணலிலும் வெள்ளைக் கல்லிலும் இருக்கிற பொருள்தான் அது. சுத்தமான வெள்ளைக் கல்லை உலையில் இட்டு, பல முறை சுத்தப்படுத்தி, 1,400 டிகிரிக்கு மேல் உருக்கி, கட்டியாக்கி, அப்பளத்தைவிட மெல்லியதாக அறுக்கிறார்கள். ஒரு வில்லையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த வில்லைக்குப் பெயர் செல்.

எல்லாப் பொருளுக்குள்ளும் எலக்ட்ரான் என்ற மிகச் சிறிய துகள்கள் உண்டு. அவை ஒரே திசையில் ஓடினால் அதற்குப் பெயர்தான் கரண்ட். சிலிக்கன் மீது வெளிச்சம் விழும்போது உள்ளே கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான்கள் தட்டி எழுப்பப்படுகின்றன. ஆனால் எழுந்தால் மட்டும் போதுமா? ஒரு பக்கமாக ஓட வேண்டுமே!

இங்கேதான் பால்மரம் வெட்டியவர்களுக்கு எளிதாகப் புரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. மரத்தின் பட்டை முழுக்கப் பால் இருக்கிறது. கண்டபடி கொத்தினால் என்ன ஆகும்? பால் அங்கங்கே வடிந்து பட்டையிலேயே காய்ந்து ஒட்டுப்பாலாகிவிடும். அதனால்தான் வெட்டுக்கோட்டைச் சாய்வாகப் போடுகிறோம். அந்தச் சாய்வு பாலை ஒரு பக்கமாக இழுத்துவந்து மங்கில் சேர்க்கிறது.

சோலார் செல்லிலும் அப்படி ஒரு சாய்வைச் செய்து வைத்திருக்கிறார்கள். வில்லையின் ஒரு பக்கத்தில் பாஸ்பரஸ் என்ற பொருளை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். அந்தப் பக்கம் எலக்ட்ரான் அதிகம். மறுபக்கத்தில் போரான் கலக்கிறார்கள். அந்தப் பக்கம் எலக்ட்ரானுக்கு இடம் காலியாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்சாரச் சாய்வு உண்டாகிறது. வெளிச்சம் தட்டி எழுப்பிய எலக்ட்ரான்கள் அந்தச் சாய்வின் வழியே ஒரே பக்கமாகத் தள்ளப்படுகின்றன. மேலே தெரிகிற மெல்லிய வெள்ளிக் கோடுகள் அவற்றைச் சேர்த்துக் கம்பிக்கு அனுப்புகின்றன. கம்பி வழியே விளக்கை எரியவைத்துவிட்டு, அவை மறுபக்கமாகச் செல்லுக்கே திரும்பி வருகின்றன. இதனால் சிலிக்கன் தேய்வதில்லை, தீர்ந்துபோவதும் இல்லை.

இந்த விந்தை இன்று நேற்று வந்ததல்ல. வெளிச்சத்திலிருந்து மின்சாரம் பிறப்பதை 1839-இல் பிரான்சு நாட்டு எட்மண்ட் பெக்கரெல் கவனித்தார். வெளிச்சம் எலக்ட்ரானைத் தட்டி எழுப்பும் விதத்தை 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மூன்று பேர் சேர்ந்து உருப்படியான முதல் சிலிக்கன் செல்லைச் செய்து காட்டினார்கள். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கை அது கரண்டாக மாற்றியது. இன்று கடையில் வாங்குகிற தகடு நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றுகிறது. 1958-இல் வானத்துக்கு அனுப்பிய வான்கார்டு-1 செயற்கைக்கோளில் சோலார் செல்தான் இருந்தது. வானத்தில் ஓடியது மெல்ல மெல்ல நம் கூரைக்கு இறங்கி வந்திருக்கிறது.

கூரை மேல் ஒரு சிறு மின்நிலையம்

ஒரு செல் கொடுப்பது அரை வோல்ட்தான். டார்ச் லைட் பேட்டரி ஒன்றே ஒன்றரை வோல்ட் கொடுக்கிறதே! அதனால் அறுபது செல், அதற்கும் மேல், வரிசையாகக் கோத்து ஒரு தகடு ஆக்குகிறார்கள். இதைப் 'பேனல்' என்பார்கள். ஏறத்தாழ ஓர் ஆள் உயரம், ஒரு கதவு அகலம், இருபது கிலோவுக்கு மேல் எடை. பல பேனல்களைச் சேர்த்துக் கட்டினால் அதுவே ஒரு சிறு மின்நிலையம்.

பேனலில் பிறக்கிற கரண்ட், பேட்டரியில் வருவதைப் போல ஒரே திசையில் ஓடுவது. இதை டிசி என்கிறோம். நம் வீட்டு விசிறியும் ஐஸ்பெட்டியும் ஓடுவது ஏசி கரண்டில். அது விநாடிக்கு ஐம்பது முறை போய்வரும் கரண்ட். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்குச் சுவரில் ஒரு பெட்டி மாட்டுகிறார்கள். அதுதான் இன்வெர்ட்டர். பேனல், இன்வெர்ட்டர், மீட்டர், நல்ல ஒயர், பாதுகாப்பு சுவிட்ச். இவ்வளவுதான் சிறு மின்நிலையம்.

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. உச்சி வெயிலில் தகடு கொதிக்கக் கொதிக்கக் கரண்ட் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் கரண்ட் கொஞ்சம் குறையும். தகடு 60 டிகிரி சுட்டால் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விடுகிறார்கள்.

இரண்டாவது, நிழல் பொல்லாதது. தோட்டத்தில் தீப்பிடித்தால் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கை மாற்றுவோமே, நடுவில் ஒரே ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? தண்ணீர் போய்ச் சேராது. பேனலும் அப்படித்தான். ஒரு செம்பனை மட்டையின் நிழல் சில செல்கள் மீது விழுந்தாலும் அந்த வரிசை முழுவதுமே மந்தமாகிவிடும். காக்கை எச்சமும் தூசியும்கூட அப்படித்தான். நம் ஊரில் அடிக்கடி மழை பெய்வது இதற்கு ஒரு நல்ல காலம். தகட்டைச் சற்றே சாய்த்து வைத்தால் மழையே கழுவிவிடும்.

வெயிலுக்குக் கணக்கு உண்டா?

உண்டு! பினாங்கு, பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரி வடக்கே இருக்கிறது. வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல்தான். ஜனவரி, பிப்ரவரியில் நல்ல வெயில். அக்டோபர் மழையில் குறைவு. சராசரியாகப் பார்த்தால், ஒரு கிலோவாட் அளவு பேனல் போட்டால் ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் வரை எதிர்பார்க்கலாம்.

ஒரு குடும்பத்துக்கு என்ன செலவாகும்? ஐந்து எல்.இ.டி. பல்பு ஐந்து மணி நேரம், கால் யூனிட்கூட ஆகாது. இரண்டு விசிறி எட்டு மணி நேரம், ஒரு யூனிட். டிவி நான்கு மணி நேரம், மூன்றில் ஒரு பங்கு யூனிட். சோறு பொங்க, கால் யூனிட். ஐஸ்பெட்டி நாள் முழுக்க, ஏறக்குறைய ஒரு யூனிட். ஆக மொத்தம் மூன்று யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 400 வாட் பேனல் மூன்று இருந்தால் நாலு யூனிட் வரும். ஏர்கோன் போட்டால் கணக்கு மாறிவிடும், அது வேறு கதை.

ஆனால் ஒரு சிக்கல். பால்மரம் விடியற்காலையில்தான் பால் கொடுக்கும். பேனல் பகலில்தான் கரண்ட் கொடுக்கும். நாமோ பகலெல்லாம் வேலைக்காட்டில் இருக்கிறோம். விளக்கு வேண்டியது இரவில். என்ன செய்வது?

வழி இரண்டு. ஒன்று பேட்டரி. பாலை மங்கில் சேர்ப்பது போலப் பகல் கரண்டைப் பேட்டரியில் சேர்த்து இரவில் எடுப்பது. கம்பியே போகாத இடத்துக்கு இதுதான் கதி. ஆனால் பேட்டரி விலை கூட. சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்றவும் வேண்டும். இன்னொன்று, டெனாகா கம்பியோடு இணைத்துவிடுவது. பகலில் மிஞ்சும் கரண்ட் கம்பிக்குப் போகும். மீட்டர் அதை எழுதிக்கொள்ளும். இரவில் கம்பியிலிருந்து நாம் எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசியில் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு பில் வரும்.

இங்கே பலர் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. 'கூரையில சோலார் இருக்கே, கரண்ட் போனா நமக்கென்ன!' என்று நினைப்பார்கள். கம்பியோடு இணைத்த சோலார், வெளியே கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இல்லையென்றால், கரண்ட் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற தொழிலாளியை நம் கூரைக் கரண்ட் தாக்கிவிடும். அவனும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதானே! தனியாகப் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டும் வீட்டுக்குள் விளக்கு எரியும்.

ஏழை வீட்டுக்கும் எட்டியது

'இதெல்லாம் பங்களாக்காரனுக்குத்தானே?' என்று கேட்கலாம். தொடக்கம் அப்படி இல்லை. 1980-களில் அன்றைய தேசிய மின்சார வாரியம் சோலாரைச் சோதித்துப் பார்த்தது எங்கே தெரியுமா? நமக்கு வடக்கே லங்காவியில் 37 வீடுகளில்! பிறகு பகாங் தெம்பெலிங்கில் 70 வீடுகளில். கம்பி போகாத கம்பத்து வீடுகள் அவை. டவுன் மின்சாரத்தோடு இணைத்த சோலார் இந்த நாட்டுக்கு வந்தது 1998-இல்தான். டெனாகா பல்கலைக்கழகத்தில் மூன்று கிலோவாட் அளவில் சின்னதாகத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டிலும் 2011-இல் 'முதலமைச்சரின் சூரிய ஒளியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம்' என்று ஒன்று தொடங்கினார்கள். கிராமத்து ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு. அதில் ஐந்து சோலார் விளக்கு. வீட்டோடு விளக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். நாம் கவனிக்க வேண்டிய விஷயம் அது.

நம் பினாங்குக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 2015-இல் செபராங் ஜெயாவில் ஜிங்கோ சோலாரும், பாயான் லெப்பாஸில் ஜேஏ சோலாரும் ஆலை திறந்தன. அதற்கு முன்பே கெடா கூலிமில் பர்ஸ்ட் சோலார் ஆலை வந்துவிட்டது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய காலம் முதல், விடியற்காலையில் ஆலை பஸ் ஏறிப் போன நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆனால் இந்தத் தொழிலுக்கும் மேடு பள்ளம் உண்டு. 2025 ஏப்ரலில் மலேசியா உட்பட நான்கு நாடுகளின் சோலார் பொருள்கள் மீது அமெரிக்கா கூடுதல் வரியை அறிவித்தது. ரப்பர் விலை எங்கோ விழுந்தால் இங்கே நம் சம்பளம் ஆடியதை மறந்துவிட முடியுமா?

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்துக்குப் பிறகு, 'சேடா' என்ற அரசாங்க அமைப்பு சோலார் விஷயங்களைக் கவனித்து வருகிறது. அப்போது முதல் பில்லில் ஒரு சிறு தொகை இதற்காகச் சேர்க்கப்பட்டது. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அதிலிருந்து விலக்குத் தந்தார்கள். வீட்டுக் கூரைக்காரர்களுக்கு 2021-இல் வந்த என்.இ.எம். 3.0 திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே யாராவது பழைய காகிதத்தைக் காட்டி 'இவ்வளவு வெள்ளி மிச்சம்' என்று சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

உங்கள் கம்பெனி சேடாவில் பதிவு பெற்றதா? இன்று நடப்பில் இருக்கிற விதி எது? மிஞ்சும் கரண்டுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு? கடன் என்றால் மாதம் எவ்வளவு, எத்தனை வருஷம், மொத்தம் எவ்வளவு? இன்வெர்ட்டர் கெட்டால் யார் செலவு? பில் மாதம் ஐம்பது வெள்ளிக்குள் வருகிற வீட்டுக்கு இவ்வளவு கடன் தேவைதானா?

எல்லாவற்றுக்கும் மேலே, கூரை யாருடையது? தோட்டத்து வீடு கம்பெனி வீடு. அதன் கூரையில் நாம் தனியாகப் பேனல் மாட்ட முடியாது. பழைய லயத்துக் கூரை அஸ்பெஸ்டாஸாக இருந்தால் அதைத் துளைப்பதே ஆபத்து. தூசி நுரையீரலைக் கெடுக்கும். சொந்த வீட்டுத் திட்டத்தில் வீடு வாங்கியவர்கள் மட்டுமே இதைத் தாங்களே முடிவு செய்யலாம். மற்றவர்கள் சங்கத்தின் மூலமாகப் பேச வேண்டியதுதான். ஆலயம், தமிழ்ப்பள்ளி, பாலர் பள்ளி போன்ற பொதுக் கட்டடங்களுக்குப் பகலில்தான் கரண்ட் அதிகம் தேவை. சோலாருக்கு ஏற்ற இடம் அவைதான். நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வெயில் இருக்கும் வரை பேனலில் கரண்ட் இருக்கும். மெயின் சுவிட்சை அடைத்தாலும் கூரை மேலுள்ள ஒயரில் கரண்ட் உண்டு. பல பேனல் சேர்ந்தால் பல நூறு வோல்ட்! 'நானே கழற்றிப் பார்க்கிறேன்' என்று ஏறாதீர்கள். பிள்ளைகளையும் ஏற விடாதீர்கள்.

நிலம் கைமாறும்போது

சோலார் என்பது கூரையோடு நிற்கவில்லை. கெடா குரூனில் 50 மெகாவாட் நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். அவ்வளவு பெரிய நிலத்தை எங்கே தேடுவார்கள்? தோட்ட நிலத்தின் மீதும் கண் விழத்தான் செய்யும். ரப்பருக்கும் செம்பனைக்கும் தினமும் ஆள் வேண்டும். சோலார் நிலையத்துக்குப் புல் வெட்டவும், காவல் காக்கவும், பழுது பார்க்கவும் சில பேர் போதும்.

ஆகவே தோட்டம் கைமாறுகிறது என்று காதில் விழுந்தால் உறங்காதீர்கள். 1980-ஆம் ஆண்டின் வேலை நீக்க உதவித்தொகை விதிகள் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவருக்கு இது பொருந்தும். இரண்டு வருஷத்துக்குள் என்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். புதிய முதலாளி பழைய நிபந்தனைக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வந்தால் கணக்கு வேறு. சம்பளச் சீட்டுகளை எரிக்காமல் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் என்றால் தொழிலாளர் இலாகாவுக்கும் சங்கத்துக்கும் போங்கள்.

சோலார் நல்லதுதான். புகையில்லாத கரண்ட் ஊருக்கு வேண்டும்தான். அதற்காகத் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவன் வீடில்லாமல் நிற்க வேண்டும் என்று எந்தச் சூரியனும் சொல்லவில்லை!

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பேனலை மாட்டுவதற்கும், ஒயர் இழுப்பதற்கும், பழுது பார்ப்பதற்கும் ஆள் தேவைப்படுகிறது. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. முறையான பயிற்சியும் வயர்மேன் சான்றிதழும் வேண்டும். ஐ.எல்.பி. போன்ற அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்களில் மின்சாரப் பாடம் இருக்கிறது. சோலாருக்கென்று தனிப் பயிற்சியைச் சேடாவும் நடத்துகிறது. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளையை, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டாவது, ஒரு முறை அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள்.

பெர்ரி பட்டர்வொர்த் கரையைத் தொட்டபோது பெரியவர் எழுந்து பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ஏமாத்து இல்லீங்க. எஞ்சின நிறுத்தினதும் இவங்க அப்பன் படிப்பும் நின்னு போச்சு தம்பி. இவனாச்சும் படிக்கட்டும்" என்றார்.

பேரனுக்குப் பதினாறு வயதாம். 'எந்தப் பள்ளியில் இந்தப் படிப்புச் சொல்லித் தருவாங்க அண்ணே?' என்று என்னிடம் கேட்டான். மேலே எழுதியதையே அவனிடமும் சொன்னேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கேட்டால் இந்தப் பக்கத்தை வெட்டிக் கையில் கொடுங்கள்.